பொத்தான் புலவர்

புலவர்களில் மிகக் குறைவாக எழுதி மிக அதிகமாக அலட்டிக்கொள்ளும் இனம் ஒன்று உண்டு. அதுதான் பொத்தான் புலவர். இணையதளத்தில் 'இங்கே அழுத்துக' என்று ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா? அதன் மேலிருக்கும் இரண்டு சொல்லை எழுதுவதே இவர் தொழில். அதற்கும் ஓர் ஆளா என்கிறீர்களா? மெல்லப் பேசுங்கள். காதில் விழுந்தால் வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்.

வடதுருவப் பக்கம், ஏரிகூட உறைந்துபோகும் எங்கள் தாம்பெரே ஊர்ப் புலவர் பெயர் தோபியாஸ். கடைப் பலகை, பால் பெட்டி, பேருந்துக் கதவு என்று கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வழிமறித்துத் திருத்துவார். 'தள்ளவும்' என்று எழுதிய கதவைத் தள்ளமாட்டார். "இதுல உணர்ச்சியே இல்லையே!" என்று பனியிலேயே நிற்பார்.

போன இலையுதிர்காலத்தில் அவரிடம் மாட்டியவர் அய்லா. ஏரிக்கரையில் சவுனா, அதாவது ஊரார் கூடி உட்கார்ந்து வியர்க்கும் நீராவிக் குளியல் அறை, நடத்துகிறவர். ஏரி உறைவதற்குள் போதிய ஆட்கள் பெயர் கொடுக்காவிட்டால் சவுனாவைப் பூட்டிவிடுவதாக நகராட்சி சொல்லியிருந்தது. அய்லா தன் இணையதளத்தில் 'பெயர் பதிவு' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார். அதைப் பார்த்துப் புலவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அய்லாக்கா, இதைப் பாத்தா யாருக்காவது சட்டையக் கழட்டத் தோணுமா? அவசரம் வேணும், ஆசை வேணும், கொஞ்சம் குத்தலும் வேணும்!"

"எனக்கு ஆள் வேணும்ப்பா."

மறுநாள் பெரிய ஆரஞ்சுப் பொத்தான் ஒன்று முளைத்தது: 'ஆம், இன்றே என் வாழ்க்கையை மாற்றுகிறேன்!' அதற்குக் கீழே, கூனிக் குறுகிய எழுத்தில் இன்னொன்று: 'வேண்டாம், இருக்கிறபடியே நன்றாக இருக்கிறேன்.'

"ரெண்டாவதை மானமுள்ளவன் எவனாவது அமுக்குவானா?" என்று சிரித்தார் புலவர்.

அமுக்கினோம். ஊரே அமுக்கியது. நானும்தான். பின்னே, பொய்யா சொல்வது? விறகடுப்பு இருக்கிறது, ஏரி இருக்கிறது, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். இதில் எதை மாற்றுவதாம்? உள்ளதை உள்ளபடி சொன்ன நிம்மதியில், மற்றவர்கள் பெயர் கொடுத்திருப்பார்கள் என்று நம்பிப் பேசாமல் இருந்துவிட்டோம்.

புலவர் ஆரஞ்சைச் சிவப்பாக்கினார். 'கடைசி வாய்ப்பு!' என்று கூவவைத்தார். நாங்கள் இன்னும் அழுத்தமாக இரண்டாவதையே அமுக்கினோம். கரையோரம் பனிக்கட்டி படர ஆரம்பித்தது. ஆறிப்போன அடுப்பின் முன் உட்கார்ந்து அய்லா அழுததைப் பார்த்தபோது எனக்கு அவமானமாக இருந்தது.

"சரி, எதைத்தான் அமுக்குறாங்க?" என்றார் அய்லா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"ரெண்டாவதைத்தான். ஜனங்க சரியில்லக்கா."

"அப்ப பேர் எழுதுற பக்கத்தை அதுக்குப் பின்னால வை. கூடவே ரெண்டு வார்த்தை போடு."

போட்டார். 'இருக்கிறபடியே நன்றாக இருக்கிறேன். சனிக்கிழமை வருகிறேன்.'

அந்தச் சனிக்கிழமை வந்த கூட்டத்தில் எனக்குச் சூடே எட்டாத கீழ்ப்பலகையில்தான் இடம் கிடைத்தது. மேல்பலகையில் வியர்த்து வழிந்தபடி, "மக்கள் மனச நான் எப்படிப் படிச்சேன்னா..." என்று தொடங்கினார் புலவர். யாரோ அடுப்பின்மேல் பழுக்கக் காய்ந்த கற்களில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். எழுந்த ஆவியில் மீதிப் பேச்சு காணாமல் போனது.

சிரிக்கிறீர்கள். 'நீங்க வராட்டி கல்யாணமே களைகட்டாது' என்று யாரையும் நீங்கள் அழைத்ததில்லையா? 'பரவாயில்லை, உங்களுக்கு எங்கே நேரம்' என்று குத்தியே ஒருவரை வரவழைத்ததில்லையா? 'சேச்சே, நான் அந்த ரகமில்லை' என்று முணுமுணுக்கிறீர்கள், சரிதானே? இதோ, உங்களுக்காகவே சின்ன எழுத்தில் அப்படியொரு பொத்தான் வைத்திருக்கிறேன். அமுக்கிவிட்டீர்களா? நல்லது. பொத்தான் புலவராகப் பேர் எழுதுற பக்கம் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.