இரும்புச் சத்தும் என் கல்யாணத் தேதியும்

ஒரு காரியத்தை அரைகுறையாகக் கெடுக்க யாராலும் முடியும். முழுமையாகக் கெடுப்பதற்கு நடைமுறை தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் பாதியில் பயந்துபோய் யாரையாவது யோசனை கேட்பான், காரியம் பிழைத்துவிடும். தெரிந்தவன் கேட்கமாட்டான். அரசாங்க உத்தியோகத்தில் தலை நரைத்தவன் என்ற முறையில் இதற்கு எத்தனையோ உதாரணங்கள் தர முடியும். ஆனால் அவற்றில் சிறந்தது நானே தயாரித்தது. அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில், பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த ஒரு தெருவில், அரசாங்கச் செலவில்.

அப்போது என்னிடம் ஒரு பி.எஸ்ஸி. பட்டமும் ஒரு சைக்கிளும் ஒரு தற்காலிக வேலையும் இருந்தன. ரத்தசோகை பற்றிய ஆராய்ச்சி ஒன்றில் கள உதவியாளர் வேலை. நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்காருகிறவர்களுக்கும், அவர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற பெண்களுக்கும் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சென்னையில் இருந்த பெரியவர்கள் கண்டார்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் தேறுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு தெரு வேண்டும். தெருவுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

முறை இதுதான். பாதி வீடுகளுக்கு நிஜ மாத்திரை. மீதி வீடுகளுக்கு அதே நிறத்தில், அதே அளவில், அதே சர்க்கரைப் பூச்சோடு ஒரு பொம்மை மாத்திரை. உள்ளே வெறும் மாவு. சில மாதம் கழித்து இரண்டு கட்சியின் ரத்தத்தையும் சோதித்து ஒப்பிட்டுப் பார்த்தால் மருந்தின் பலன் தெரிந்துவிடும். (“இதுக்குப் பேரு ஏமாத்து வேலை இல்லையாடா?” என்று என் அம்மா கேட்டாள். அவளுக்கு ஆராய்ச்சி முறைகளில் பயிற்சி கிடையாது.) எந்த வீட்டுக்கு எது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். டப்பாவின் மேல் எண் மட்டும்தான். தின்கிறவனுக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்கியது என் உத்தியோக வாழ்வில் அதுவே முதல் முறை. கடைசி முறை என்று சொல்லமாட்டேன்.

ஆராய்ச்சிக்குத் தலைவி ஒரு டாக்டர் அம்மா. அதிகம் பேசமாட்டார், சொன்னதை மாற்றவும்மாட்டார். “இந்தத் தெரு வேலையை ஒழுங்கா முடிச்சுக் குடுங்க. உங்க பேரை நிரந்தரத்துக்கு எழுதறேன்” என்று சொல்லியிருந்தார்.

நிரந்தரம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்த இன்னொருவர் வாலாஜாபாத்தில் இருந்தார். அரிசி ஆலை மேஸ்திரி மாணிக்கம். அவருடைய மகள் வசந்தாவை எனக்குப் பேசியிருந்தார்கள். பெண் பார்க்கப் போனபோது அவள் காபி கொண்டுவந்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. மேஸ்திரி மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

“ஆர்டர் கைக்கு வரட்டும் மாப்ள. மறுநாளே பத்திரிகை அடிச்சிடலாம். டெம்பரவரி ஆளுக்குப் பொண்ணு குடுத்தேன்னு நாளைக்கு மில்லுல ஒருத்தன் பேசக் கூடாது பாருங்க.”

ஆக, என் கல்யாணம் அந்தத் தெருவின் ரத்தத்தில் இருந்தது.

முதல் மாத டப்பாக்களைக் கொடுத்த சில நாட்களில் தெருவின் நாட்டாண்மை ஏகாம்பர முதலியார் என் சைக்கிளை மறித்தார். பெரிய மனிதர். தெருவில் தறிக்குப் பாவு நூல் விரிப்பதென்றாலும் பந்தல் போடுவதென்றாலும் அவர் வார்த்தைதான்.

“தம்பி, தெருவுல பாதிப் பேருக்குக் கறுப்பா போவுதாம்பா. பொம்பளைங்கல்லாம் பயந்துக்கினு இருக்கறாங்க. கொடலு கிடலு கிழிஞ்சுடுச்சா?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கொடுத்திருந்த விதிமுறைப் புத்தகத்தில் இருந்தது. இரும்புச் சத்து உள்ளே போனால் மலம் கறுப்பது இயல்பு; பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் கூற வேண்டும். நான் கூறினேன். அவருக்கு மட்டும் கூறினால் போதாது என்று, தெரு நடுவில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, கணீரென்று கூறினேன்.

“யாரும் பயப்படாதீங்க! கறுப்பா போனா, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்!”

பெரிய பெரிய டாக்டர்கள் சேர்ந்து கட்டிய கண்கட்டை நான் அந்த ஒரே வாக்கியத்தில் அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்தது எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் கூறிய திருப்தியில் இருந்தேன்.

நாட்டாண்மை தன் வீட்டுத் திண்ணையைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப என் வூட்டுல ஒருத்தருக்கும் போவலையே?”

“உங்களுக்கு எந்த மாத்திரைன்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா.”

“தெரியாமயா குடுத்துக்கினு கீற?”

“தெரியாம குடுக்கறதுதாங்க முறை.”

“இன்னா மொறைபா இது? பரிமாறுறவனுக்கே எது சோறு எது கல்லுன்னு தெரியாதுன்னா, பந்தியில எவன் ஒக்காருவான்?”

ஆராய்ச்சி முறையியலைப் பற்றி அவருக்கு நான் விளக்கினேன். எதிர்வீட்டுச் சொர்ணம்மா நூல் சுற்றும் ராட்டையை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டாள். கடைசியில் அவள்தான் சுருக்கிச் சொன்னாள்.

“வுடுங்க மாமா. நாட்டாண்மை வூட்டுக்கு மாவு உருண்டையாம். எங்களுக்குத்தான் மருந்தாம். சாமியா பார்த்து சீட்டு எடுத்திருக்குது!”

தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். (எதற்குச் சிரிக்கக் கூடாது என்பது விதிமுறைப் புத்தகத்தில் இல்லை.)

அதன் பிறகு அந்தத் தெருவில் அந்தஸ்து என்பதற்கு ஒரு புதிய அளவுகோல் வந்தது. விடிகாலையில் வேகவதி ஆற்றங்கரையில் ஒதுங்கிவிட்டுத் திரும்புகிறவர்களின் நடையைப் பார்த்தே யார் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். மருந்து கிடைத்தவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். கிடைக்காதவர்களில் ஒரு மாமியார் மருமகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். முதல் டப்பாவை வாங்கப் போனபோது மருமகள் குறுக்கே வந்தாளாம்.

இங்கே அந்தத் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு வீடுகள் தலைமுறைக் கணக்கில் கோர்ட்டில் நின்று, சொத்தையும் சிநேகத்தையும் இழந்திருந்தன. அந்த அனுபவத்தில் தெரு ஒரு சட்டம் செய்துகொண்டது. தெருவுக்கு எது வந்தாலும், பிரசாதமோ பலகாரமோ, யாரும் முதலில் வாங்கக் கூடாது. எல்லாவற்றையும் பஜனை மடத்து அண்டாவில் கொட்டி, கலந்து, தலைக்கு இவ்வளவு என்று பங்கு வைக்க வேண்டும். ‘தெருவுக்கு வந்தது தெருவுக்கு.’ இதையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்துகொள்ள வழி இருந்தது. கேட்டிருந்தால் போதும்.

அடுத்த மாதத்திலிருந்து தெரு சாந்தமாகிவிட்டது. சண்டை இல்லை, கேலி இல்லை. வாரா வாரம் போய் டப்பாக்களைத் திறந்து பார்ப்பேன். எந்த வீட்டிலும் ஒரு மாத்திரை கூடுதல் இல்லை, குறைவில்லை. மற்ற ஊர்களில் நடந்த இதுபோன்ற ஆராய்ச்சிகளில் மாத்திரையைக் கோழிக்குப் போட்டவர்கள் உண்டு, குழந்தைக்கு விளையாடக் கொடுத்தவர்கள் உண்டு. என் தெருவில் அப்படி எதுவும் கிடையாது. ‘மாத்திரை தீர்ந்ததா?’ என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள், கேட்டேன். ‘யாருடைய மாத்திரை?’ என்று கேட்கச் சொல்லவில்லை, கேட்கவில்லை. மாகாணத்திலேயே ஒழுங்கான தெரு என்னுடையது என்று டாக்டர் அம்மாவுக்கு எழுதினேன். ‘தொடர்ந்த கண்காணிப்பின் விளைவாக’ என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கடைசி ரத்தச் சோதனை முடிந்து சில வாரங்கள் கழித்து, தெருவுக்கு நன்றி சொல்ல பஜனை மடத்து வாசலில் ஒரு கூட்டம் ஏற்பாடானது. டெல்லியிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருகிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்பாளன் நான். இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வாய்க்காது என்று தோன்றியது. வாலாஜாபாத்துக்கு ஆள் அனுப்பி மாணிக்கம் மேஸ்திரியை வரவழைத்தேன். டெல்லிக்காரரோடு நான் இங்கிலீஷ் பேசுவதை அவர் ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், ஆர்டருக்குக்கூடக் காத்திருக்கமாட்டார் என்பது என் கணக்கு.

மேஸ்திரி வெளுத்த வேட்டி சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். “அதோ நிக்கறாரே, அவருதான் நம்ம மாப்ள” என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொல்வது எனக்குக் கேட்டது.

டாக்டர் அம்மா எழுந்தார். தெருவுக்கு நன்றி சொன்னார். பிறகு முகத்தில் ஒரு சுருக்கத்தோடு விஷயத்துக்கு வந்தார்.

“எல்லாருக்கும் ரத்தம் கொஞ்சம் கூடியிருக்கு. சந்தோஷம். ஆனா மருந்து சாப்பிட்டவங்களுக்கும் சாப்பிடாதவங்களுக்கும் வித்தியாசமே இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. இது எப்படின்னுதான் எங்களுக்குப் புரியலை. ஒருவேளை இந்த மாத்திரையால பலனே இல்லையோ என்னவோ.”

நாட்டாண்மை எழுந்து துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

“டாக்டரம்மா, வித்தியாசம் எப்படிமா வரும்? நாங்க வர வுடலையே!”

தெரு மொத்தமும் பெருமையோடு தலையாட்டியது.

“மருந்து பாதி வூட்டுக்குத்தான்னு இந்தத் தம்பி வாயாலயே சொல்லிட்டாரு. அவரைக் குத்தம் சொல்லக் கூடாது, சின்னப் புள்ள, குடுத்ததைக் கொண்டாந்து குடுக்கறாரு. ஆனா இந்தத் தெருவுல ஓரவஞ்சனை நடக்காதுமா. அவரு சைக்கிள் ஏறினதும் எல்லா டப்பாவையும் இங்க எடுத்தாந்து அண்டாவுல கொட்டிடுவோம். நல்லா கலந்து, தலைக்கு இவ்வளவுன்னு பங்கு வெச்சி, திரும்பவும் டப்பாவுல போட்டுக் குடுத்துடுவோம். ஒரு மாத்திரை வீணாவல. எங்க வூட்டுக்கும் கறுப்பா போச்சு, சொர்ணம்மா வூட்டுக்கும் கறுப்பா போச்சு. எல்லாம் சமம்!”

கைதட்டல் எழுந்தது.

டெல்லி டாக்டர் என் பக்கம் திரும்பினார். இவ்வளவு உற்சாகமாக அவர் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரு முழுவதும் மிக ஒற்றுமையாக ஒத்துழைத்ததாகச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

டாக்டர் அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அண்டாவையும் சொல்லுங்க.”

சொல்லிப் பார்த்தேன். அண்டாவுக்கு ஆங்கிலத்தில் என்ன என்பது என் பட்டப்படிப்பில் வரவில்லை. இரண்டு கைகளையும் விரித்து வட்டமாகக் காட்டினேன். டெல்லி டாக்டருக்குப் புரியவில்லை. என் தவிப்பைக் கண்டு மனமிரங்கிய சொர்ணம்மா, “இருப்பா, நான் காட்டறேன்” என்று மடத்துக்குள் போய், அந்தப் பித்தளை அண்டாவையே உருட்டிக்கொண்டு வந்து அவர் காலடியில் நிறுத்தினாள். அவர் குனிந்து பார்த்தார். உள்விளிம்பெல்லாம் சர்க்கரைப் பூச்சின் சிவப்பு ஒட்டியிருந்தது. மாதாமாதம் அதே மடத்தில், அதே அண்டாவின் மேல் என் பையைச் சாய்த்துவைத்துவிட்டு, நாட்டாண்மை கொடுத்த காபியைக் குடித்தவன் நான். புளியோதரைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெல்லி டாக்டர் நிமிர்ந்து டாக்டர் அம்மாவிடம் கேட்டார்:

“இந்த இளைஞர் இங்கே அடிக்கடி வருவாரா?”

“ஒவ்வொரு வாரமும்.”

“எதற்கு?”

“கண்காணிக்க.”

அந்த ஆங்கில உரையாடலை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி வரிசைவரைக்கும் புரிந்துவிட்டது.

நியாயத்தைச் சொன்னால், அன்று நாட்டாண்மை வாயைத் திறந்ததால்தான் அந்த மாத்திரை தப்பித்தது. இல்லாவிட்டால் பலனில்லை என்று எழுதி, மாவட்டத்தில் யாருக்கும் கொடுக்காமலே விட்டிருப்பார்கள். ஆராய்ச்சியை வேறு ஊரில், வேறு தெருவில், வேறு ஆளை வைத்து மறுபடியும் செய்தார்கள் என்று கேள்வி. ‘வேறு ஆள்’ என்பதில்தான் டாக்டர் அம்மா கவனமாக இருந்தாராம். மாத முடிவில் என் தற்காலிகம் முடிந்தது. விடுவிப்பு உத்தரவில் ஒரு பிழையும் இல்லை. நான் படித்துப் பார்த்தேன்.

கூட்டம் முடிந்து மேஸ்திரியை பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திக்கொண்டு போனேன். ஸ்டாண்டு வாசல் வந்ததும் அவர் நின்றார். பிறகு கேட்டார்:

“எங்க மில்லுல பழைய நெல்லோட ஒரு மூட்டை புது நெல்லு கலந்தாகூட மொதலாளி வாசனையிலயே கண்டுபுடிச்சிடுவாரு. உங்களுக்குத் தெரியவேயில்லையா?”

“எந்த மாத்திரை யாருக்குன்னு தெரியக் கூடாதுங்கறதுதாங்க முறை.”

“அது சரி. தெருவே அண்டாவுல கலந்துக்கினு இருந்துது. அதுவுமா தெரியக் கூடாது?”

பதில் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது.

“வர்றேன் தம்பி” என்று ஏறிக்கொண்டார்.

காலையில் ‘மாப்ள’ என்று இறங்கியவர் அவர்.

அதற்கப்புறம் தேர்வு எழுதி, ஒரு நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தரானேன். எனக்கு ஏற்ற இடம். அங்கே வருகிற எதையும் யாராலும் அண்டாவில் கொட்டிக் கலக்க முடியாது. நிரந்தர உத்தரவு வந்த வாரத்தில் மேஸ்திரி மறுபடியும் வந்தார். வசந்தாவுக்கு நடுவில் வந்த வரன்களையெல்லாம் அவளே தட்டிக் கழித்துவிட்டாள் என்று சொன்னார். ஏன் என்று பிற்பாடு அவளிடம் கேட்டேன். “அந்தக் கூட்டத்துக் கதையை அப்பா வூட்டுல வந்து சொன்னாரு. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்த வலியே வந்துடுச்சு. மத்தவங்களைப் பத்திச் சிரிக்க ஒண்ணும் இல்ல” என்றாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

கல்யாணப் பந்தியிலேயே மேஸ்திரி அந்தக் கதையைச் சொன்னார். பாயசம் வருவதற்கும் மோர் வருவதற்கும் நடுவில், இலைக்கு இலை போய்ச் சொன்னார். அவர் காலமான பிறகு அந்தப் பொறுப்பை வசந்தா ஏற்றுக்கொண்டாள். இப்போது எனக்கு ரத்த அழுத்தம், அவளுக்குச் சர்க்கரை. காலையில் எல்லாரும் கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவளுடைய மாத்திரை டப்பாவையும் என்னுடையதையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவருகிறாள். பிள்ளை, மருமகள், பேரன் பேத்திகள் எல்லாரும் அவள் வாயையே பார்க்கிறார்கள்.

“இன்னாங்க, ஓரவஞ்சனை இல்லாம கலந்துடலாமா?” என்கிறாள்.

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை என் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் காபி ஆறிவிடுகிறது.