தம்பித்துரையின் சாய்கதிரை

பென்சன் தொடங்கிய நாற்பதாவது நாள் தம்பித்துரை ஒரு முடிவெடுத்தார். இனி அவருக்கென்று ஒரு பொழுதுபோக்கு வேண்டும். அதுவும் வீட்டுக்கு வெளியே, மனைவி கமலநாயகியின் குரல் எட்டாத தூரத்தில்.

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் முப்பத்தொரு வருடம் இரும்புக் குழாய்களோடு மல்லுக்கட்டியவர். ஆனால் இந்த நாற்பது நாளில் உரித்த வெங்காயத்தை நினைத்தால், அந்த முப்பத்தொரு வருடமும் விடுமுறை போலத் தெரிந்தது. அரிசி மூட்டையை மூன்றாம் மாடிக்குத் தூக்கியது யார்? தம்பித்துரை. திரைச்சீலை அத்தனையையும் கழற்றித் தோய்த்து மாட்டியது யார்? அதுவும் அவரே. சனிக்கிழமையானால் கடை, கோயில், கொண்டாட்டம் என்று கமலநாயகி அவரைக் காரோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். அந்த ஒரு சனிக்கிழமையையாவது மீட்க வேண்டும். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

முதலில் மீன்பிடி. விசாரித்தால், தூண்டில் போடவே இங்கே பாடம் படித்துச் சோதனை எழுத வேண்டுமாம். பருத்தித்துறைக் கடலோரத்தில் பிறந்தவனுக்கு, மீன் பிடிக்க ஜெர்மன் மொழியில் சோதனை. அந்த அவமானத்தையும் பழைய அவமானங்களோடு மனதில் அடுக்கி வைத்தார். பிறகு நடைக்குழு. பனியே இல்லாத வீதியில் இரண்டு கையிலும் தடி ஊன்றி நடக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்தக் கிழமைதான் ட்ராமில் போகும்போது கமலநாயகி வெளியே கையைக் காட்டி, “உதுகளுக்கு வேற வேலையில்லை” என்றாள். ரயில் பாதையோரம் ஒரு சங்கம் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்த சின்னத் தோட்டங்கள். ஒன்றில் ஆப்பிள் மரத்தடியில் ஒரு ஜெர்மன்காரர் மடக்கு நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தம்பித்துரைக்கு நெஞ்சு நிறைந்தது. அன்றைக்கே ஒரு சாய்கதிரை வாங்கி, நிலவறையில் பனிக்கால டயர்களுக்குப் பின்னால் ஒளித்தார்.

“தோட்டமோ? உங்களுக்கு ஏலாது,” என்றாள் கமலநாயகி, கறியைக் கிளறியபடி.

“ஆருக்கு ஏலாது?”

“இடுப்பில நாரிப்பிடிப்போட எப்பிடிக் குனிவியள்? பேசாமல் வீட்டில இருங்கோ.”

“தொண்ணூற்றெட்டிலயும் இப்பிடித்தான் சொன்னனீ. காட்ஸ் விளையாடப் போகாதேங்கோ எண்டு.”

“அதை இன்னும் மறக்கேல்லையோ?”

“சாகுமட்டும் மறக்கன். நாளைக்கே போய்ப் பதியிறன்.”

“நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.”

அவள் வேண்டாம் என்ற பிறகு தம்பித்துரையை யார் தடுக்க முடியும்?

மறுநாள் சங்கத் தலைவர் பீலிக்ஸ் அவருடைய பெயரைக் கேட்டதும் எழுந்து கைகொடுத்தார். ஐந்து வருடமாகத் தம்பித்துரை காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாராம், இப்போதுதான் முறை வந்திருக்கிறதாம். கடிதக் கோவையைத் திறந்து விண்ணப்பத்தைக் காட்டினார். அடியில் தம்பித்துரையின் கையெழுத்து, வால் நீண்ட அதே கையெழுத்து.

வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதமெல்லாம் வாசிப்பது கமலநாயகி. அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்து வைப்பது தம்பித்துரை. வந்த காலத்திலிருந்து அப்படித்தான். எது காப்புறுதி, எது வாடகை, எது தோட்டம் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

“உங்கள் மனைவி திங்கட்கிழமை போன் எடுத்தார்,” என்றார் பீலிக்ஸ். “இந்தக் கிழமைக்குள் நீங்கள் கோபத்தோடு வருவீர்கள் என்றார்.”

கூடவே சங்க விதியையும் சொன்னார். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்கறியும் பழமுமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டம் பறிபோகும். தம்பித்துரை கதவைப் பார்த்தார். திரும்பிப் போனால் ‘ஏலாது’ என்றது உண்மையாகிவிடும். இந்தமுறை தானே இடம் பார்த்துக் கையெழுத்து வைத்தார்.

சனிக்கிழமை வந்தது. மிளகாய்க்கு ஒரு பாத்தி, வெந்தயக் கீரைக்கு ஒரு பாத்தி, பூசணிக்கு இரண்டு குழி. நாரியைப் பிடித்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது, அங்கேயும் இருந்த ஓர் ஆப்பிள் மரத்தடியில் ‘டக்’ என்று ஒரு கதிரை விரிந்தது.

“இதை எங்கையிருந்து எடுத்தனீ?”

“டயருக்குப் பின்னால. எனக்கெண்டுதானே வாங்கி வச்சனீங்கள்?”

கமலநாயகி நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடினாள்.

“இஞ்சேருங்கோ, அந்தக் கடைசிப் பாத்தி கோணலாக் கிடக்கு. திருப்பிக் கொத்துங்கோ.”