மண் மோந்த சாமி

மெட்ராஸ் கப்பலிலிருந்து இறங்கிய ஒரே வாரத்தில் மண்வாசனைச் சாமி அந்தமானில் அபர்டீன் பஜாரில் பிரசித்தி பெற்றுவிட்டார். நாலு நாள் பிரயாணமும் அவர் வாந்தி எடுத்துக்கொண்டேதான் வந்தார் என்று, அதே கப்பலில் வந்த வெங்காய வியாபாரி சொன்னார். பக்தர்கள் அவரைத் திருத்தினார்கள். அது வாந்தி இல்லையாம். கடலடியில் கிடக்கிற பிணங்களின் வாடை சாமிக்குத் தாங்கவில்லையாம்.

ஒரு பிடி மண்ணை மோந்து பார்த்து, அதன் அடியில் எந்தக் கைதி புதைந்து கிடக்கிறான் என்று சொல்வதுதான் சாமியின் சக்தி. வேறு ஊராக இருந்தால் இந்தச் சக்தி ஒரு வேளைச் சோற்றுக்குக்கூடப் போதாது. போர்ட் பிளேரில் ஏகமாய்ப் போதுமானதாக இருந்தது. மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்து, மனை வாங்கி வீடு கட்டிய எல்லோர் மனசிலும் அந்தப் பயம் ஏற்கனவே இருந்தது. இது கைதிகள் செத்த ஊர். நம் அடுப்படிக்குக் கீழே எவன் கிடக்கிறானோ? அந்தக் கைதிகளின் சொந்தப் பேரப்பிள்ளைகள் அதே ஊரில், அதே மண்மேல் வீடு கட்டி, நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். பதில் கிடைத்துவிட்டால் சாமி எதற்கு?

வெள்ளிக்கிழமை மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, பெயரும் மனை இருக்கிற இடமும் எழுதிய சீட்டோடு கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கொப்பரைக் கிடங்கின் முன்னால் போட்ட தார்ப்பாய்ப் பந்தலில், எல்லோர் முன்னிலையிலும் பதில். நடுவில் இரண்டு நாள் முடிச்சு சாமியின் தலைமாட்டில் இருக்கும்.

"ஏன், உடனே மோந்து சொன்னா ஆவாதா?" என்று ஒரு பால்காரர் கேட்டுவிட்டார்.

"அரே பாய், மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டாலே அரை நாள் ஆவுது. செத்தவன் லைன்ல வர டைம் வேணாமா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

பால்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. வாயை மூடிக்கொண்டு அவரும் வரிசையில் நின்றார்.

கோவிந்தராஜும் அந்தக் கூட்டத்தில் ஞாயிறுதோறும் நின்றான். பக்தியால் அல்ல, உத்தியோகத்தால். காலையில் அரசுக் கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருஷம். மத்தியானத்துக்கு மேல் மனைத் தரகர் ஜம்புலிங்கத்திடம் வேலை. பஸ் பிடித்துக் கராச்சர்மாவுக்குப் போவான். டேப் பிடித்து மனை அளப்பான். வீட்டுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்து, குடியிருப்பது யார், கிணறு எங்கே, வீட்டில் யாருக்கு என்ன வியாதி, யார் எப்போது செத்தார் என்றெல்லாம் ஒரு நீல நோட்டில் எழுதி வருவான். பதிலுக்கு ஜம்புலிங்கம் அவன் காலேஜ் சம்பளத்தைக் கட்டினார். டெய்ரி ஃபார்ம் பேட்டையில் தன் சாமான் அறையில் படுக்க இடமும் கொடுத்தார்.

பஸ்ஸில் போகும்போது மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பான். வெளியே மழை கொட்டும். புத்தகத்துக்குள் பனி கொட்டும். கராச்சர்மாவில் இறங்க மறந்து கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பிய நாள்களும் உண்டு. அப்படித் திரும்பிய ஒருநாள்தான் நாகரத்தினத்தின் வீட்டைப் பார்க்கப் போனான்.

நாகரத்தினம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். புருஷன் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வீட்டைத் தவிர அவளுக்கு இந்தத் தீவில் வேறு பிடிமானம் கிடையாது. மெயின்லேண்டில் அதுவும் கிடையாது. ஜம்புலிங்கம் அந்த வீட்டை இரண்டு முறை விலைக்குக் கேட்டார். இரண்டு முறையும் அவள் முடியாது என்றாள். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. "எதுக்கும் சாமிகிட்ட மண்ணைக் காட்டிடும்மா" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சாமி முடிச்சை அவிழ்த்து, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு நீளமாக இழுத்தார். தும்மினார்.

"காய்ச்சல்ல ஒரு உசிரு போயிருக்கு. இன்னும் ரெண்டு உசிரைக் கேக்குது. கிழக்கு மூலைக் கிணத்துக்குப் பக்கத்துல ஏழு பேரு விலங்கோட கிடக்கான். அமாவாசைக்கு முன்னாடி வீட்டை விட்டுக் கிளம்பிடு தாயி!"

இரண்டு உயிர் என்றதும் நாகரத்தினம் தன் இரண்டு பெண்களையும் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. கோவிந்தராஜுக்கு மட்டும் வேறொன்று உறுத்தியது. நாகரத்தினத்தின் கிணறு இருப்பது மேற்கு மூலையில். அவன் போன அன்று நல்ல மழை, சூரியன் கண்ணில் படவில்லை. போதாததற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தான். திசை தெரியாமல் நோட்டில் 'கிழக்கு மூலையில் கிணறு' என்று எழுதிவிட்டான். மறுநாள் தப்பு தெரிந்தது, திருத்தச் சோம்பல். செத்த கைதிகள் ஏழு பேரும் சொல்லி வைத்தாற்போல் அதே தப்பை எப்படிச் செய்தார்கள்?

அன்று சாயங்காலம் நீல நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினான். ஒரே மாதத்தில் பதின்மூன்று குடும்பம் காலி செய்திருந்தது. பதின்மூன்றுக்கும் சாமி சொன்ன அருள்வாக்கு அவன் கையெழுத்தில் இருந்தது. சனிக்கிழமை ராத்திரி நோட்டு ஜம்புலிங்கத்திடம் போகும், ஞாயிறு காலை திரும்பும். பதின்மூன்று மனையையும் வாங்கியவரும் ஜம்புலிங்கமே. 'பேய் பிடிச்ச மனை உங்களுக்கு எதுக்கு?' என்று யாராவது கேட்டால், 'ஜனங்க கஷ்டப்படக் கூடாதுல்ல' என்பார். அதைக் கேட்டுக் கண்கலங்கியவர்கள்கூட உண்டு.

கோவிந்தராஜ் மறுநாள் நாகரத்தினத்திடம் ஓடினான். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கிணறு மேற்கே இருக்கு. சாமி கிழக்குன்னாரு."

"சாமி சொன்னா கிழக்காத்தான் இருக்கும் தம்பி. நான்தான் இத்தனை நாளா தப்பா நினைச்சிட்டிருந்தேன். விளக்கைக்கூட மாத்தி வச்சிட்டேன் பாரு."

விளக்கு உண்மையாகவே திசை மாறியிருந்தது. சூரியன் மட்டும்தான் இன்னும் மாறவில்லை.

"சரிக்கா, அப்படியே இருக்கட்டும். ஏழு பேர்ல ஒருத்தர் பேராவது கேளுங்க. பேர் தெரிஞ்சா ஒரு பிடி எள்ளும் தண்ணியும் விடலாமே?"

அது அவளுக்குப் பிடித்திருந்தது, வெள்ளிக்கிழமை மறுபடி மண் முடிந்து கொடுக்கிறேன் என்றாள். கோவிந்தராஜ் அவளுடைய வீட்டுக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். வீட்டை விற்றவர் பெயர் பக்கிரிசாமி.

"இவர் எங்கேக்கா இருக்காரு?"

"மாயாபந்தர்ல மர மில்லுல. நான் ஊர்ல இருந்து வர்றதுக்கு முன்னாடியே வித்துட்டுப் போயிட்டார். கொல்லையில நிக்கிற பலா அவர் வச்சது. வருஷா வருஷம் பழம் பழுத்துச்சான்னு லெட்டர் போடுவார். பாவம், மரம் உருண்டு இடது கால் சுண்டுவிரல் போயிடுச்சாம்."

கோவிந்தராஜ் தபாலாபீசுக்குப் போய் பக்கிரிசாமிக்கு ஒரு தந்தி கொடுத்தான்: 'பலா பழுத்தது. ஞாயிறு கட்டாயம் வரவும்.' பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, இத்தனை நாள் படித்த நாவல்களுக்கெல்லாம் ஒரு பிரயோஜனம் உண்டாகும்படி, நீல நோட்டில் எழுதினான்:

'மனையின் பழைய சொந்தக்காரர் பக்கிரிசாமி. கடன் தொல்லை. கொல்லைப் பலாமரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டார். இடது கால் சுண்டுவிரல் கிடையாது. சாகும்போது தாகம், தாகம் என்றாராம்.'

தூக்கில் தொங்குகிறவர் எப்படிப் பேசுவார் என்று எழுதிய பிறகுதான் அவனுக்குத் தோன்றியது. அடிக்காமல் விட்டுவிட்டான். சனிக்கிழமை ராத்திரி வழக்கம்போல நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஜம்புலிங்கம் படித்துப் பார்த்து அவன் முதுகில் தட்டினார்.

"டேய் காலேஜ், நல்லா விசாரிக்கிறடா. பரீட்சைப் பணம் நான் கட்டிடுறேன்."

கட்டினால்தான் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவர் கட்டமாட்டார் என்பதும், படுக்க இடம் இருக்காது என்பதும் கோவிந்தராஜுக்குத் தெரியும். சனிக்கிழமை ராத்திரி வழக்கம்போல நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தலில் நிற்க இடமில்லை. ஆவி பேர் சொல்லப்போகிறது என்று வங்காளிக் குடும்பங்கள், தெலுங்குக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. சாமி பேசுவதை ஒருவர் இந்தியில் சொன்னார். மாயாபந்தர் படகு வரத் தாமதம். கோவிந்தராஜ் நிமிஷத்துக்கு ஒருதரம் ரோட்டைப் பார்த்தான். ரோட்டில் மழையைத் தவிர யாரும் வரவில்லை.

சாமி முடிச்சை அவிழ்த்தார். மோந்தார். உடம்பு உதறியது.

"வந்துட்டான்... பலாமரம் தெரியுது... கயிறு தெரியுது... அவன் பேரு பக்கிரிசாமி!"

நாகரத்தினம் தலையை நிமிர்த்தினாள். "அவரா? அவர் போன மாசம் லெட்டர் போட்டாரே சாமி?"

சாமி கண்ணைத் திறக்கவேயில்லை.

"நிம்மதியில்லாத ஆவி லெட்டரும் போடும், மணியார்டரும் அனுப்பும்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. லெட்டரில் ஸ்டாம்பு ஒட்டியிருந்ததா என்று ஒரே ஒருவர் கேட்டார். அவரை உட்காரச் சொன்னார்கள். நாகரத்தினம் உதட்டைக் கடித்தபடி குனிந்துகொண்டாள். ஜம்புலிங்கம் விற்பனைக் காகிதத்தை மடி மேல் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"இடது கால்ல சுண்டுவிரல் கிடையாது!" சாமிக்கு உற்சாகம் ஏறியது. "தாகம்... தாகம்ங்கிறான். பலாமரத்துல தொங்குறான்!"

பின்னாலிருந்து ஒரு முரட்டுக் குரல் கேட்டது.

"எவன்டா என்னைத் தொங்கவிட்டது?"

நனைந்த சட்டை, தோளில் காலிச் சாக்கு. பலாப்பழம் கொண்டுபோக வந்த பக்கிரிசாமி, மழைக்குப் பந்தலில் ஒதுங்கியவர், தன் சாவுச் செய்தியை முழுசாகக் கேட்டுவிட்டிருந்தார்.

"யாருய்யா நீ?" என்றார் ஜம்புலிங்கம்.

"பக்கிரிசாமி. நான் செத்து எத்தனை நாளாச்சு? சொன்னா மில்லுல லீவாவது போடுவேன்."

செருப்பைக் கழற்றி இடது காலைப் பெஞ்சின்மேல் வைத்தார். விரல் நாலுதான் இருந்தது. அதைப் பார்த்து இரண்டு பேர் ஓடினார்கள். சாமி அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஆவி உருவெடுத்து வந்திருக்கு! யாரும் தொடாதீங்க!"

கோவிந்தராஜ் ஒரு டீ வாங்கிவந்து பக்கிரிசாமியிடம் நீட்டினான். அவர் ஊதிக் குடித்தார். சர்க்கரை போதாது என்றார். முன்வரிசையிலிருந்த ஒரு வங்காளிக் கிழவர் எழுந்து, அவர் கையைக் கிள்ளிப் பார்த்து, "கரம் ஹை" என்று, உடம்பில் சூடு இருப்பதைக் கூட்டத்துக்கு அறிவித்தார்.

"சாமி, அந்த ஏழு பேருக்குப் பக்கத்துல கிணறு எந்த மூலைல இருக்குன்னு சொன்னீங்க?" என்றான் கோவிந்தராஜ்.

"கிழக்கு மூலை!"

"எங்க கிணறா? மேற்கால மூலைல நானே தோண்டினதுய்யா!" என்றார் பக்கிரிசாமி.

கோவிந்தராஜ் நீல நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தான். கிழக்குக் கிணறு, காய்ச்சல், பலாமரம், சுண்டுவிரல், தாகம். பிறகு முந்தின பக்கங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு தலை நிமிர்ந்தது. "இதெல்லாம் நான் எழுதினது. கிணத்தை நான் தப்பா எழுதினேன், சாமியும் தப்பா மோந்தாரு. பக்கிரிசாமி அண்ணன் தூக்குல தொங்கினதா கதை கட்டினேன், அதையும் மோந்தாரு. சாமி மோந்தது மண்ணை இல்ல. இந்த நோட்டை."

அதுவரை குனிந்து உட்கார்ந்திருந்த நாகரத்தினம் எழுந்தாள். ஜம்புலிங்கத்தின் மடியிலிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"எம் பொண்ணுங்க உசிரைச் சொல்லில்ல பயங்காட்டினீங்க? ஒரு வாரமா அதுங்களைக் கிணத்துப் பக்கமே விடலையேடா பாவி!"

சாமியின் பூர்வாசிரமப் பெயர் குழந்தைவேலு என்பதும், ஜம்புலிங்கத்துக்கு அவர் மச்சான் முறை என்பதும் போலீஸ் ஸ்டேஷனில் தெரியவந்தது. பதின்மூன்று குடும்பத்தாரும் மனையைத் திருப்பிக் கேட்டு மனுக் கொடுத்தார்கள். அவர்களில் இரண்டு பேர், நல்ல நாள் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

கோவிந்தராஜின் படுக்கை அன்றே டெய்ரி ஃபார்ம் ரோட்டுக்கு வந்துவிட்டது. நாகரத்தினம் தன் பின்கட்டு அறையைக் காட்டினாள். "இங்க இருந்து படி தம்பி. முன் ரூமுக்கு ஒரு நல்ல ஆளாப் பிடிச்சுக் குடு. தரகை இந்தத் தடவை நீயே வச்சுக்கோ. அதுல பரீட்சைக்குக் கட்டு."

அடுத்த வாரம், புதிதாக மாற்றலாகி வந்த குமாஸ்தா கிருஷ்ணமூர்த்தியைக் கூட்டிவந்தான். அவர் அறையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கொல்லையில் பலாமரத்தைப் பார்த்தார். எல்லாம் பிடித்திருந்தது. ஆனால் முழுசாகப் பிடித்துவிட்டால் எப்படி? குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கைதிங்க செத்த ஊராச்சே... இந்த மண்ணை விஷயம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டினீங்களாம்மா?"

நாகரத்தினம் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"காட்டினோம் சார். மண்ணுக்கடியில ஒண்ணும் இல்ல. அப்போ என் தலைக்குள்ளயும் ஒண்ணும் இல்ல, அதான் காட்டினேன். உங்க தலை எப்படின்னு பார்த்துச் சொல்லுங்க, அப்புறம் வாடகை பேசலாம்."