'மஸ்ட்' உனக்கு, 'பிரீ' எனக்கு

ரப்பர் தோட்டத்தில் பாம்பு உண்டு, அட்டை உண்டு, மலேரியாக் கொசு உண்டு. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு மருந்தும் உண்டு. மருந்தே இல்லாத பிராணி ஒன்றும் அங்கே உண்டு. அதற்கு 'அர்த்தஞ்சொல்லி' என்று பெயர் வைத்திருக்கிறேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லும். அந்த அர்த்தம் கேட்டவர் தலையிலேயே வந்து விழும்.

நான் கண்டவர்களில் தலைசிறந்தவர், பெடாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியார் திருநாவுக்கரசு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், ஜனங்கள் வாளியும் கத்தியுமாக நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்க, காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வெள்ளைக்காரத் துரையின் பக்கம் பாதி முகமும் நம் பக்கம் மீதி முகமுமாக நின்று பாடம் தொடங்குவார். 'மஸ்ட்' என்றால் செய்தே ஆகவேண்டும், அது பால்வெட்டுகிறவர்களுக்கு. 'மே' என்றால் செய்தாலும் செய்யலாம், அது கங்காணிக்கு. 'லிபர்ட்டி'? அது துரைமார் கிளப்பில் மட்டும் கிடைக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஆபீஸ் மேஜைமேல் காலை நீட்டித் தாம் குறட்டை விடுவதற்கு 'பிரீ' என்று பெயர்.

சிரிக்கிறீர்களா? எங்களோடு பால்வெட்டிய தாயம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோலா சாவாத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, புருஷன் வீரமுத்துவோடு அங்கேயே வேலைக்குப் போய்விட நினைத்தாள். துரையின் காதுக்கு வழி கிராணியார் வாய்தான் என்று தோட்டமே நம்பியிருந்ததால், அவரிடம் போனாள்.

"ஐயா, நாங்க போவலாமா?"

"தாராளமா! ஒப்பந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. நீ இப்ப பிரீ."

"அப்ப தொரைகிட்ட சொல்லிடுங்கையா."

"ஆனா, பிரீன்னா என்னா அர்த்தம் தெரியுமா? யாரும் கட்டாயப்படுத்தாம நீயாவே இங்க இருக்கிறதுதான் பிரீ."

அடுத்த முறை கேட்டதற்கு 'பெர்மிஷன்' என்பதன் அர்த்தம் கிடைத்தது. அதற்கடுத்த முறை 'பிராஹிபிட்டட்'. மகளுக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டதென்று சேதி வந்த மறுநாள், தாயம்மா பெரட்டு வரிசையை விட்டு வந்து, கிராணியாரைத் தாண்டி, துரைக்கு நேரே நின்றாள்.

"தொரே! எம் மவளுக்குப் பேறுகாலம். ஒரு மாசத்துல நாங்க போறோம்."

கிராணியார் பதறிப்போய் அதை இங்கிலீஷாக்கினார். ரொம்ப நீளமாக இங்கிலீஷாக்கினார். துரை கொட்டாவி விட்டார்.

"சரி. ஒரு மாசம் வேலை செய். பொறகு போ," என்றார் துரை. தமிழில்!

அவர் வந்த புதிதிலேயே முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். நாள்தோறும் எங்களைத் திட்டியதே தமிழில்தான். திட்டத் தெரிந்தவருக்குச் சொன்னால் புரியவும் புரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கிராணியாருடைய இங்கிலீஷின் சத்தம் அப்படி!

பெரட்டே கொல்லென்று சிரித்தது. கிராணியார் அசைந்தாரா? "பாத்தியா, நான் சொன்னதத்தானே தொரையும் சொல்றாரு!" என்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். தாயம்மா பேரனைக் கையில் வாங்க நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நீங்கள் கிராணி இல்லை, தெரியும். இங்கிலீஷும் அதிகம் பேசமாட்டீர்கள். ஆனால் போன வாரம் உங்கள் வீட்டு அம்மாள், மந்தின் ஊரில் இருக்கும் தம்பியைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டபோது, "தாராளமா!" என்றீர்களே, அதற்குப் பின்னாலேயே ஒரு "ஆனா" வந்ததல்லவா? பத்திரம். அந்த அம்மாளுக்கும் உங்களைத் தாண்டி நடக்கக் கால் இருக்கிறது.