மொரிசான் வீட்டில் நான் குளித்த குளிப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஒரு ஜப்பானியர் வீட்டுச் சீலிங் இடிந்து சோற்றுக்குள் விழுந்ததற்கு நான்தான் காரணம் என்று எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் இன்றுவரை சொல்லித் திரிகிறார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இனியும் கேட்கிற எண்ணம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஜப்பானிய வர்த்தகக் கம்பெனியின் லண்டன் கந்தோரில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். (கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து குடிகாரரிடம் ஏச்சு வாங்கியவர்களுக்குத்தான் கந்தோர் நாற்காலியின் அருமை தெரியும்.) ஆனால் வேலை இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தது. மனேஜர் மொரி 'சரி' என்றால் நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் கூண்டு.

ஜப்பானிய வழக்கங்களை வெளிநாட்டு ஊழியருக்கு விளக்கக் கம்பெனி ஒரு வகுப்பு வைத்தது. நடத்தியவர் ஜப்பானில் சில காலம் வாழ்ந்த மிஸஸ் பார்லோ என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்றார். வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதிக்கொண்டார்கள். எதையும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும் என்றார். அதையும் எழுதினார்கள். நான் பேனையை மூடிவிட்டேன். எங்கள் வீட்டுச் சட்டத்தை எனக்குச் சொல்லித்தர லண்டனில் ஒரு வகுப்பா?

குளிப்பு வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தொட்டிக்கு வெளியே நின்று உடம்பை நன்றாகக் கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரில் சவர்க்கார நுரை படவே கூடாது. அந்தத் தண்ணீர் வீட்டார் எல்லோருக்கும் பொது" என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் முகத்தைச் சுளித்தான். எனக்கோ புல்லரித்தது. கிணற்றடித் தொட்டியில் நாங்கள் வேறென்ன செய்தோம்? சவர்க்காரத்தோடு தொட்டிக்குள் இறங்கினவனை எங்கள் ஊரில் யாராவது சும்மா விட்டிருப்பார்களா? உலகத்தில் ஒழுங்காகக் குளிக்கத் தெரிந்த சாதிகள் இரண்டு, யாழ்ப்பாணத்தாரும் ஜப்பானியரும் என்று அன்றே முடிவு கட்டினேன்.

சில வாரங்களில் மொரிசான் (அவர்கள் பெயரோடு 'சான்' சேர்ப்பது நாங்கள் 'அவர்கள்' போடுவது மாதிரி) என்னையும் என் மனைவி சாந்தியையும் ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தார். நாங்கள் இருந்த செவன் கிங்ஸில் இருந்து ரயில் எடுத்து, அவர்கள் இருந்த ஃபிஞ்ச்லியில் போய் இறங்கினால் கொட்டு கொட்டென்று மழை. குடை சாந்தியின் பட்டுச் சேலைக்குப் போனது. நான் தெப்பமாக நனைந்தேன்.

சப்பாத்தைக் கழற்றினோம். சாந்தி சுட்ட பயத்தம்பணியாரப் பெட்டியை இரண்டு கையாலும் கொடுத்தோம். அவர்கள் அதைத் திறக்காமல் ஒரு பக்கம் வைத்தார்கள். (விருந்தாளி முன் பரிசைப் பிரிப்பது அங்கே அழகில்லை. சாந்தி மட்டும், "எட்டிக்கூடப் பாக்கேல்லையே" என்று என் காதுக்குள் முணுமுணுத்தாள்.) என் கோலத்தைப் பார்த்த திருமதி மொரி மேலே ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் நிரப்பினார். "முதல் குளிப்பு விருந்தாளிக்குத்தான்" என்றார் மொரிசான். பெரிய மரியாதை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

குளியலறையில் தொட்டி நிறையத் தண்ணீர், ஆவி பறந்துகொண்டிருந்தது. விளிம்பில், தண்ணீர் அள்ள ஒரு சின்னப் பேசின். நிலத்தில், அந்தக் காலத்து வெள்ளைக்கார வீடுகளின் வழக்கப்படி, சுவர் முதல் சுவர் வரை ரோஸ் நிறக் கார்ப்பெட், தண்ணீர் ஓட ஒரு ஓட்டைகூட இல்லை. நான் ஒரு கணம் தயங்கியது உண்மை. ஆனால் சட்டம் சட்டம்தானே. கார்ப்பெட்டில் நின்றேன், சவர்க்காரம் போட்டேன், அந்தப் பேசினால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினேன். வெளிநாடு வந்தபிறகு அப்படி ஒரு குளிப்புக் குளித்ததே இல்லை. ஒரு தேவாரமும் பாடினேன். வீட்டாருக்கு வேண்டுமே என்று பாதித் தண்ணீரை மிச்சமும் வைத்தேன்.

கீழே சாப்பாட்டறையில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? முதல் துளி சாந்தியின் சூப்பில் விழுந்ததாம். திருமதி மொரி சிரித்த முகத்தோடு கிண்ணத்தை மாற்றினாராம். அடுத்தது விளக்கு வயரால் வடிந்ததாம். மொரிசான் ஒரு சட்டியைக் கொண்டுவந்து நடுமேசையில் வைத்துவிட்டு லண்டன் மழையைப் பற்றிக் கதைத்தாராம். விருந்தாளியின் பிழையை வாய்விட்டுச் சொல்வது அவர்களுக்கு விருந்தாளியை அடிப்பதற்குச் சமம். கடைசியில் சீலிங் ஒரு பலகைத் துண்டளவு பெயர்ந்து சோற்றுக்குள் விழுந்தபோதுதான் சாந்தி மேலே ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"இஞ்சரப்பா, காணும், நிப்பாட்டுங்கோ. சீலிங் சோத்துக்குள்ள விழுந்திட்டுது."

மொரிசானின் பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு கீழே வந்தேன். அவர் எழுந்து குனிந்து, "எங்கள் சீலிங் உங்களுக்குத் தொந்தரவு தந்துவிட்டது" என்றார். அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் நல்லது என்று இருந்தது. அதற்காக நான் பிழை செய்தேன் என்று அர்த்தமில்லை.

திரும்பும் ரயிலில் சாந்தியைக் கடிந்தேன். "முதலே வந்து சொல்லியிருக்கலாம்தானே?"

"அவையள் மழையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருக்கினம். நான் எப்பிடியப்பா, அந்த மழை என்ரை மனுசன்தான் எண்டு சொல்லுறது?"

ரயிலால் இறங்கும்போது, "பெற்றோல் ஸ்டேஷனுக்கு ஒருக்கா போன் பண்ணி வையுங்கோ" என்றாள்.

திங்கட்கிழமை மொரிசான் கூப்பிட்டார். கூண்டுக்குப் போவதென்றால் தலை நிமிர்ந்தே போவது என்று நானே முந்திக்கொண்டேன். "வகுப்பில் சொன்னபடிதான் குளித்தேன். குளியலறையில் கார்ப்பெட் போட்டவன்தான் குற்றவாளி" என்றேன்.

அவர் வெகுநேரம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "நாங்கள் லண்டனுக்கு வந்து இவ்வளவு காலம். சவர்க்காரத்தோடு தொட்டிக்குள் உட்காரப் பழகிவிட்டோம். அந்த வீட்டில் முறையாகக் குளித்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று என் மனைவி சொல்கிறார்" என்றார். அந்த வாரமே வேலை நிரந்தரமானது. (ஒரு சனிக்கிழமை போய்ச் சீலிங்கைப் பூசிக் கொடுத்தேன். அது உதவி, மன்னிப்பு அல்ல.) மிஸஸ் பார்லோவும் வகுப்பில், 'ஜப்பானில் மட்டும்' என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்.

இப்போதும் எங்கள் வீட்டுக்கு வேலை தேடும் பிள்ளைகள் யாராவது வந்து, பட்டம் இருந்தும் கிடைக்கவில்லை என்று கவலைப்பட்டால், சாந்தி தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைக் காட்டுவாள்.

"படிப்பை விடுங்கோ. இவர் குளிச்சு வேலை எடுத்த மனுசன்."