முப்பத்தைந்து டிகிரி நிர்வாகம்

மனித குலம் இதுவரை இரண்டே முறைதான் உண்மையாகத் தலைநிமிர்ந்திருக்கிறது. முதல் முறை, நான்கு காலில் நடப்பதை விட்டு எழுந்து நின்றபோது. இரண்டாம் முறை, அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் தம் வீட்டுப் பின்னறையில் ஆறு கோழிக்குஞ்சுகளை வளர்க்கத் திருவுளம் கொண்டபோது.

கொல்லையில் கூடு கட்டி முடியும்வரை குஞ்சுகள் வீட்டுக்குள்தான் வளர வேண்டும் என்று கோழி வளர்ப்போர் சங்கம் கொடுத்த கையேடு சொன்னது. மற்றவர்களாக இருந்தால் அட்டைப்பெட்டியில் மரத்தூளைப் பரப்பி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அவருடைய மனைவி அப்படித்தான் செய்தார். கண்காணிப்பாளரோ 'நிர்வாகம்' செய்தார். முதல் நாளே வருகைப் பதிவேடு திறக்கப்பட்டது. குஞ்சுகளுக்கு கு/1 முதல் கு/6 வரை எண் வழங்கப்பட்டது. கு/6 மற்றவற்றில் பாதி அளவுதான் இருந்தது. மனைவி அதைப் 'பொடிசு' என்று கூப்பிட்டது பதிவேட்டில் ஏறவில்லை.

குஞ்சுகளின் பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரால் துடைக்க வேண்டும் என்றது கையேட்டின் ஒன்பதாம் பக்கம்.

"இத யாரு செய்யறது?" என்றார் மனைவி.

"அது களப்பணி. நான் மேற்பார்வை."

மேற்பார்வை ஒன்றும் லேசுப்பட்ட வேலை இல்லை. ஆறு பின்புறங்கள் துடைக்கப்படுவதை நின்றபடியே பார்த்து, ஆறு முறை டிக் அடிக்க வேண்டும்.

முதல் வாரம் வெப்பம் முப்பத்தைந்து டிகிரி இருக்க வேண்டும், தெர்மாமீட்டரைக் கண் மட்டத்தில் மாட்ட வேண்டும் என்பதும் கையேடுதான். மனைவி பல்பைப் பெட்டிக்கு ஒரு முழம் மேலே கட்டி, தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அதைப் படித்துச் சார்ட்டில் குறிக்கத் தினமும் நாலு தடவை குனிய வேண்டியிருந்தது. ஒரு பொறுப்பான அதிகாரி எத்தனை தடவைதான் குனிவார்? மேலதிகாரி வரும் நாளுக்கும் கொஞ்சம் முதுகை மிச்சம் வைக்க வேண்டாமா? ஆகவே தெர்மாமீட்டரைத் தம் கண்ணுக்கு நேராகச் சுவரில் மாட்டினார். அது இருபத்துநாலு காட்டியது. பல்பையும் அதன் பக்கத்துக்கே உயர்த்தினார். முப்பத்தைந்து. நிர்வாகத் திறமை என்றால் இதுதான்.

மூன்றாம் நாள் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பெட்டியின் மூலையில் ஒடுங்கிக் கத்தின.

"அதுங்களுக்குக் குளிருது," என்றார் மனைவி.

"முப்பத்தஞ்சு இருக்கு. குளிர வாய்ப்பே இல்ல."

"நடுங்குது, பாருங்க."

"சார்ட்டப் பாரு. முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு. இதுல எங்கயாவது நடுக்கம் தெரியுதா?"

மனைவி பல்பை இறக்கினார். சுவரில் இருந்த தெர்மாமீட்டர் இருபத்துநாலுக்கு விழுந்தது. பதறிப்போன கண்காணிப்பாளர், குஞ்சுகளின் நலன் கருதி பல்பை மறுபடி உயர்த்தினார். அனுமதியின்றிக் கூட்டம் கூடியதற்கு விளக்கம் கேட்டு ஆறு குஞ்சுகளுக்கும் குறிப்பாணை தயாரித்து, பெட்டியின்மேல் ஒட்டினார்.

ஐந்தாம் நாள் காலை வருகை எடுத்தபோது கு/6 எழுந்து நிற்கவில்லை. மரத்தூளில் ஒருக்களித்துக் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. கண்காணிப்பாளர் அறைக்குள் வரும்போது அண்ணாந்து பார்க்கிற குஞ்சு அது ஒன்றுதான். அது செத்துவிடக் கூடாதே என்று நிஜமாகவே தவித்தார். தவிப்புக்குப் பதிவேட்டில் இடம் இல்லாததால், 'இதர' என்ற கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

மனைவி பொடிசைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். வந்த டாக்டரம்மா பதிவேட்டைக் கேட்கவே இல்லை. நேராகத் தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் கையை வைத்தார்.

"ஜில்லுனு இருக்கே. தெர்மாமீட்டர் எங்க சார்?"

"அதோ. கையேட்டுல சொன்னபடி கண் மட்டத்துல மாட்டியிருக்கேன்."

டாக்டரம்மா அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

"யாரோட கண் மட்டத்துல சார்?"

அந்த வீட்டில் அதுவரை நடந்த எந்த ஆய்வுக் கூட்டத்திலும் இப்படி ஒரு கேள்வி எழுந்ததில்லை. கண்காணிப்பாளர் முழங்கால் மளுக்கென்று சத்தமிட மண்டியிட்டு, பெட்டிக்குள் கையை விட்டார். அவர் கைக்கே குளிர்ந்தது. எழுந்து, யாரும் சொல்லாமலே பல்பை அவிழ்த்துக் கீழே இறக்கினார்.

மதியத்துக்குள் ஐந்து குஞ்சுகளும் தனித்தனியாகப் பரவிப் படுத்துத் தூங்கின. பொடிசு மறுநாள் தீவனத் தட்டுக்குள்ளேயே ஏறி நின்றுகொண்டு மற்றவற்றை அதட்டியது.

முதுகு நிமிர்ந்ததும் கண்காணிப்பாளர் சங்கத்துக்கு அறிக்கை எழுதினார். 'நிர்வாகத்தின் இடையறாத கண்காணிப்பால், முதல் வாரத்தில் முப்பத்தைந்து டிகிரி வெப்பத்தில் ஆறு குஞ்சுகளும் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டன.' விவரம் சரியென்று இன்னொருவர் கையெழுத்திட வேண்டும் என்பதால் மனைவியிடம் நீட்டினார்.

மனைவி பொடிசைத் தோளில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். 'ஆறு குஞ்சுகளும்' என்பதை மட்டும் அடித்தார். அந்த இடத்தில் 'கண்காணிப்பாளரின் மூஞ்சி மட்டும்' என்று எழுதி, விவரம் சரியென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.