ஆடி மாதத்துப் பனிப்படம்

நாற்காலி லிஃப்ட் தரையை விட்டுக் கிளம்பியதும் வரதராசா கண்ணை இறுக மூடிக்கொண்டார். காலில் மாட்டியிருந்த பனிச்சறுக்குப் பலகைகள் இரண்டும் அந்தரத்தில் ஆடின.

“என்ன அண்ணை, கண்ணை மூடிட்டியள்?” என்றார் பக்கத்தில் இருந்த இரவீந்திரன்.

“கும்பிடுறன். மலை ஏறேக்க எப்பவும் கும்பிடுவன்.”

கும்பிட்டது பொய்யில்லை. காலையிலிருந்து அவர் நல்லூர்க் கந்தனை விட்டபாடில்லை.

எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை. சுவிஸில் லாங்கன்தால் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் வரதராசா, முப்பது வருசமாகக் குளிர்காலத்தில் மலைப்பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆடி மாதத்தில் கனடாவிலிருந்து உறவினர் வந்தால் மட்டும் இதே லிஃப்டில் மேலே கூட்டிப்போவார். உச்சியில் கோடையிலும் கரையாத பனி உண்டு. வாடகைப் பலகையைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டு, கட்டிக்கொண்டுபோன மட்டன் ரோல்ஸையும் முடித்துவிட்டு, லிஃப்டிலேயே இறங்கிவிடுவார்கள்.

அந்தப் படம் வரவேற்பறையில் பெரிதாகத் தொங்கியது. மகன் பிரவீனனுக்குச் சம்பந்தம் பேச ஓர்லிகோனிலிருந்து வந்த இரவீந்திரன் அதைப் பார்த்துவிட்டார்.

“ஸ்கீயும் ஓடுவியளோ?”

“ஒவ்வொரு வருசமும்!” என்று வரதராசாவின் வாய் முந்திக்கொண்டது.

“நாங்களும்தான்! அப்ப பெப்ரவரியில ஒருக்காச் சேர்ந்து போவம்.”

அவர்கள் போனபிறகு மனைவி ஜெயந்தி தலையில் அடித்துக்கொண்டாள். “உண்மையைச் சொல்லிப்போடுங்கோவன்!”

“சொன்னால்? படத்திலயே பொய் சொல்லுறவன், பெடியனைப் பற்றி என்ன பொய்தான் சொல்லமாட்டான் எண்டு பொம்பிளையைத் தரமாட்டினம்.”

பிரவீனனுக்கோ இரவீந்திரனின் மகள் லக்சனாவை விட்டால் வேறு கல்யாணமே வேண்டாம். பயந்தாலும் தகப்பன் அல்லவா, வந்துவிட்டார்.

லிஃப்டில் ஏறுமுன் மலையடிவாரத்தில், “இந்தச் சின்னச் சரிவிலயே ஓடுவமே?” என்று இரவீந்திரன் கேட்டுத்தான் பார்த்தார். அங்கே நாலு வயதுப் பிள்ளைகள் சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. அதுகளுக்கு முன்னால் விழுந்து மானம் போவதா?

“இது பாலர் வகுப்பு. எங்களுக்கு உச்சிதான் சரி,” என்றார் வரதராசா.

இரவீந்திரன் அண்ணாந்து உச்சியைப் பார்த்தார். “ஓம்... உச்சிதான் சரி.”

மேலே போய், ஏதாவது சாட்டுச் சொல்லி லிஃப்டிலேயே இறங்கிவிடலாம் என்பது வரதராசாவின் எண்ணம்.

உச்சியில் இறங்கும்போது கால் தடுமாறி இரவீந்திரனின் ஜாக்கெட்டைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். தூக்கி நிறுத்திய லிஃப்ட்காரன், குளிர்காலத்தில் இதில் யாரையும் கீழே இறக்குவதில்லை என்று கையை விரித்துவிட்டான்.

வரதராசா சரிவை எட்டிப் பார்த்தார். ஜெயந்தி காத்திருக்கும் உணவகம் நெருப்புப்பெட்டி அளவில் தெரிந்தது. இதில் காலை வைத்தால் கல்யாண வீட்டுக்கு முன்னமே செத்த வீடுதான்.

“அண்ணை, நீங்கள் முன்னுக்குப் போங்கோ.”

“சீச்சீ, பொம்பிளை வீடு முதல்ல.”

“மாப்பிளை வீடு நிக்கேக்க நாங்கள் முந்தலாமோ? மரியாதையில்லை. போங்கோ!”

இனி வேறு வழியில்லை. “ஐயோ, முழங்கால்!” என்று வரதராசா பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். “இப்ப விழுந்ததில பழைய நோ கிளம்பிட்டுது!”

இரவீந்திரனின் முகம் சட்டென்று மாறியது. “அசையாதையுங்கோ! மீட்புக்காரருக்குப் போன் அடிக்கிறன்.”

“வேண்டாம், கொஞ்சம் இருந்தால் மாறிடும்...”

கேட்க ஆளில்லை. இரவீந்திரன் தள்ளிப்போய்க் கைபேசியை வாயோடு பொத்திக்கொண்டு ஜெர்மன் மொழியில் நெடுநேரம் கதைத்தார்.

வரதராசாவுக்கு இப்போது சரிவைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. வருகிறவர்கள் காலை அமத்திப் பார்ப்பார்கள். சம்பந்தியின் கண்முன்னால் குட்டு வெளிப்படும். ஒரு படத்துக்காகப் பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

கால்மணி நேரத்தில், சிவப்பு உடுப்புப் போட்ட மீட்புக்காரி திரேசா, ஆளைப் படுக்கவைத்து இறக்கும் சறுக்குவண்டியோடு வந்து நின்றாள். வண்டியில் ஒரு ஆளுக்குத்தான் இடம். வரதராசா முனகிக்கொண்டே காலை நீட்டினார். அவள் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தாள். இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு ஜெர்மனில் கேட்டாள்:

“இதில் இரவீந்திரன் யார்? என் முழங்கால் முறிந்துவிட்டது, என்னை உடனே இறக்குங்கள் என்று போனில் அழுதவர்?”